பிறை பொறித்த வெள்ளி

வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் பழங்காசு சேர்க்கும் இளைஞர் சிலரை நாம் அறிவோம். அவர்கள் நம்மை நாடி வருவது நாணய இயலில் நமக்குப் புலமை உண்டு என்றெண்ணி அன்று. காசின்மேல் உள்ள பாரசீக எழுத்தைப் படித்துச் சொல்ல அண்மையில் வேறு ஆள் இல்லை என்பதனாலேயே. மதரஸாவில் குலிஸ்தான் ஓதிய நாளில் அவ்வெழுத்து இதற்கும் உதவும் என்று நாம் கனவிலும் நினைத்ததில்லை.

வருபவர் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் ஒன்றே: “ஹஜ்ரத், இது எத்தனை வருஷத்துக் காசு?” வயது ஏற ஏற விலையும் ஏறும் என்பது அவர்கள் எண்ணம். உண்மை அவ்வாறில்லை. 1,600 ஆண்டுகளுக்கு முந்திய உரோமச் செப்புக் காசுகள் இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. குடம் குடமாக மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. மாறாக, அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட்டுப் பெட்டிகளுள் வைத்து வழங்கப்பட்ட அட்டை ஒன்று, பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் படம் அச்சிட்டது, 2022இல் 72½ இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. உள்ளங்கையில் அடங்கும் வெறும் அட்டைதான். தம் படத்தை வெளியிட அம்மனிதர் இசையவில்லை; ஆகவே அச்சு இடையில் நின்றது; இன்று எஞ்சியவை ஏறத்தாழ 60 என்பர். சிறுவர் கையில் புகையிலை சேர்வதை வெறுத்து மறுத்தார் என்பது ஒரு சாரார் கூற்று; பேசிய பணம் போதாமையால் மறுத்தார் என்பது மறுசாரார் கூற்று. முன்னதே உண்மையாக இருக்கட்டும் என்று நம் மனம் விரும்புகிறது. எவ்வாறாயினும் அவ்வட்டைக்கு விலை தந்தது அதன் வயதன்று. வேண்டாம் என்று ஒருவர் சொன்ன சொல்லேயாகும்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு; அதில் நம் சமுதாயத்தாருக்கும் பங்குண்டு. 1911ஆம் ஆண்டின் வெள்ளி ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கிமேல் சிறு யானை உருவம் ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. துதிக்கை குறுகி அமைந்தமையால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பன்றியாகத் தோன்றியது. பன்றி பொறித்த காசைக் கையால் தொடுவதா என்று முஸ்லிம்கள் மனம் நொந்தனர். அடிக்கப்பட்ட ஏறத்தாழ 94 இலட்சத்தில் சுமார் 7 இலட்சமே மக்கள் கைக்கு வந்தது, மற்றவை உருக்கப்பட்டன. 1912ஆம் ஆண்டுக் காசில் யானை யானையாகவே தோன்றும்படி அச்சைத் திருத்தினார்கள். இன்று சேகரிப்போர் ‘பன்றி ரூபாய்’ என்று பெயரிட்டுத் தேடுவது அந்தத் திருந்தாத யானையைத்தான். தொட அருவருத்தவர்களின் பேரப்பிள்ளைகளே அதை இன்று வாங்கி வெல்வெட்டுத் துணியில் வைத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி நமது மண்ணின் காசுக்கு வருவோம். இதைப்பற்றி எத்தனை சொன்னாலும் நமக்கு அலுப்பதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்த சிறு காசுகளை நம் முன்னோர் துட்டு, காசு, பணம் என்றனர். பிரெஞ்சுக்காரரும் அப்பெயர்களையே தம் நாவுக்கேற்ப ‘தூதூ’, ‘காஷ்’, ‘ஃபனோன்’ என்று வழங்கினர். செப்புத் துட்டின் ஒருபுறம் பிரான்சு அரசரின் அல்லிப்பூ. மறுபுறம் தமிழ் எழுத்தில் ‘புதுச்சேரி’. ஆயினும் சந்தைதோறும் செல்லுபடியான பெருங்காசு வெள்ளி ரூபாயே. கப்பலில் வந்திறங்கிய வெள்ளியை ரூபாயாக மாற்றாமல் கும்பினியார் நெசவாளரிடம் துணி வாங்க இயலவில்லை. முகலாயப் பேரரசரின் பெயரில்லாத ரூபாயை வணிகர் ஏற்கவும் இல்லை. ஆகவே 1736இல், ஆளுநர் துய்மா காலத்தில், ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் ஆட்சியில், புதுச்சேரியிலேயே ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றனர்.

அக்காசைக் கையில் எடுத்துப் படிப்பவர் வியப்படைவர். ஒருபுறம் ‘ஸிக்கஹ் முபாரக்’ என்ற தொடரும் ‘பாதுஷா காஸி முஹம்மத் ஷாஹ்’ என்ற பெயரும். மறுபுறம் ‘ஸனஹ் ஜுலூஸ்’, அதாவது அரியணை ஏறிய ஆண்டு. அதனுடன் ‘ஜர்ப் ஆர்காட்’, ஆர்க்காட்டில் அடித்தது என்ற சொற்கள். பெயர் தில்லி மன்னருடையது, ஊர் ஆர்க்காடு, அடித்தவர் பிரெஞ்சுக்காரர், அடித்த இடமோ புதுச்சேரிக் கடற்கரை. பிரான்சின் பெயரோ புதுச்சேரியின் பெயரோ அதில் எங்கும் இல்லை. அது புதுச்சேரிக் காசு என்று காட்டிக்கொடுப்பது ஒரு சிறு பிறை மட்டுமே. சென்னையில் ஆங்கிலேயர் அடித்த ஆர்க்காட்டு ரூபாயில் தாமரை இருக்கும். புதுச்சேரி ரூபாயில் பிறை இருக்கும். அக்கசாலையை அறியும் அடையாளம் என்பதன்றி அப்பிறைக்கு வேறு பொருள் இல்லை. நண்பர் ஒருவர் அதைக் கண்டவுடன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடித்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லி அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை. பிறகு சொல்லத்தான் வேண்டியிருந்தது.

இங்கே சேகரிப்போர் மனம் எவ்வாறு இயங்குகிறது என்பது விளங்கும். அந்நாளில் அச்சு பெரிது, வெள்ளித் துண்டு சிறிது. சம்மட்டியால் அடிக்கும்போது வாசகத்தின் ஒரு பகுதியே துண்டின்மேல் விழும். மற்றது வெளியே போய்விடும். ஒரு காசில் மன்னர் பெயர் இருக்கும், ஆண்டு இராது. மற்றொன்றில் ஆண்டு இருக்கும், பிறை பாதி வெட்டுண்டிருக்கும். மன்னர் பெயர், ஆண்டு, ஊர், பிறை ஆகிய நான்கும் ஒரே காசில் முழுமையாக விழுந்திருப்பின் அதற்காகக் காத்திருப்போர் உண்டு. ஒரே நாளில் ஒரே கையால் அடிக்கப்பட்ட இரு காசுகளில் ஒன்று சாதாரணமாகவும் மற்றொன்று தேடப்படுவதாகவும் ஆவது சம்மட்டி விழுந்த வாகினால்தான்.

அக்காசின் பின்னாலுள்ள வரலாறும் சிறிதன்று. 1740இல் மராத்தியருடன் நிகழ்ந்த போரில் தோஸ்த் அலி கான் மாண்டார். அவர் குடும்பத்தாரும் மருமகன் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் புதுச்சேரிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். ஒப்படைக்கும்படி மராத்தியர் மிரட்டியும் துய்மா இணங்கவில்லை. பின்னாளில் வில்லியனூர்ப் பகுதியைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தவர் அந்தச் சந்தா சாகிபே. 1783ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வில்லியனூரும் பாகூரும் புதுச்சேரியைச் சூழ்ந்த இரு மாவட்டங்களாகப் பெயர் குறித்து எழுதப்பட்டன. நாம் இன்று தமிழ்நாட்டில் அன்றிப் புதுவை மாநிலத்தில் வாக்களிப்பதன் வேர் அங்கே கிடக்கிறது.

ஒரு சொல்லே ஒரு காசை உயர்த்திவிடும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றும் உண்டு. ஹிஜ்ரி 105இல், உமைய்யாக்கள் காலத்தில், அடிக்கப்பட்ட தீனார் ஒன்று 2011இல் இலண்டன் ஏலத்தில் 37 இலட்சம் பவுனுக்குச் சென்றது. அதன் பொன் எடை நான்கு கிராமுக்குச் சற்று மேல். மற்றைய தீனார்களில் இல்லாத ‘மஃதின் அமீரில் முஃமினீன் பில் ஹிஜாஸ்’, அதாவது ஹிஜாஸிலுள்ள அமீருல் முஃமினீனின் சுரங்கம், என்ற வரி அதில் உண்டு. ஹிஜாஸ் மண்ணின் பெயரைத் தாங்கிய காசு என்பதே அவ்விலைக்குக் காரணம்.

இவற்றையெல்லாம் பொழுதுபோக்காகவே நாம் கருதி வந்தோம், ஒரு மூதாட்டி வரும்வரை.

வில்லியனூர்ப் பக்கத்தைச் சேர்ந்த கைம்பெண் அவர். பேத்தியின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பேரன் கைப்பேசியில் விளம்பரம் ஒன்றைக் கண்டிருக்கிறான்: 786 எண்ணுள்ள நோட்டுக்குப் பல இலட்சம் தருவார்களாம். வீட்டில் அப்படியொரு பத்து ரூபாய் நோட்டு இருந்தது. அவருடைய கணவர் பரக்கத் என்று பெட்டியில் வைத்திருந்தது. தொடர்புகொண்டபோது பேசியவன் பதிவுக் கட்டணம் என்றான். பின்பு வரி என்றான். பின்பு காப்பீடு என்றான். மூன்று முறை பணம் சென்றது. மூன்றாம் முறைக்கு அம்மூதாட்டியின் தோடு அடகுக்குப் போயிற்று. அதன்பின் அந்த எண் ஒலிக்கவில்லை.

“அல்லாஹ்வின் பெயருள்ள நோட்டாச்சே ஹஜ்ரத், அதை வைத்தா ஏமாற்றுவார்கள்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. பேரனை அருகில் அமர்த்தி, தாளில் கணக்கிட்டுக் காட்டினோம். அப்ஜத் முறைப்படி ‘பிஸ்மி’ 102, ‘அல்லாஹ்’ 66, ‘அர்ரஹ்மான்’ 329, ‘அர்ரஹீம்’ 289; கூட்டினால் 786. இதே தொகை வேறு எத்தனையோ சொற்களுக்கும் வரக்கூடும். எண் வேறு, பிஸ்மில்லாஹ் வேறு. அடுத்து நோட்டின் கணக்கு. முன்னெழுத்தை அடுத்து ஆறு இலக்கங்கள். ஆகவே ஒரு தொகுதிக்குப் பத்து இலட்சம் நோட்டுகள். அவற்றுள் 786 என்ற வரிசை எங்கேனும் இடம்பெறுபவை 3,999. இத்தகைய தொகுதிகளோ எண்ணற்றவை. அரிது என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது? இரு முறை அடுத்தடுத்து வரும் 786786 என்பதுதான் தொகுதிக்கு ஒன்று. அதைச் சேகரிப்போர் விரும்புவது உண்மை. மற்றவற்றுக்கு ஆர்வலர் சிலர் சிறிது கூடுதல் தருவர். இலட்சங்கள் என்பது தூண்டிற்புழு. பழைய நோட்டு, காசு வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. அவ்வறிவிப்பு வீட்டுக்கு வந்து சேர்வதற்குமுன் வஞ்சகனின் குரல் வந்து சேர்ந்துவிடுகிறது. திருநாமத்தின்பால் எளியவர் வைத்த அன்பையே வலையாக விரிப்பவனைப்பற்றி எழுதும்போது நம் பேனா நிதானம் இழக்கிறது, விட்டுவிடுவோம்.

அம்மூதாட்டி எழுந்து போகும்போது, “வீட்டில் ஆர்க்காட்டுக் காசு என்று ஐந்து கிடக்கிறது, எங்கள் பாட்டியின் மஹரில் வந்தது என்பார்கள், அதுவும் செல்லாததுதானே?” என்றார். மறுநாள் பேரன் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தான். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தோம். நான்கில் பிறை இருந்தது. ஒன்றில் பிறையும் ஆண்டும் ‘ஆர்காட்’ என்ற சொல்லும் ஒருசேர விழுந்திருந்தன. ஒன்றை யாரோ புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்திருந்தனர், எழுத்து மழுங்கிவிட்டது. பழைய வெள்ளியின் கருமையைப் போக்கினால் சேகரிப்போர் அதைத் தொடமாட்டார்கள். வீட்டில் இத்தகைய காசு உள்ள பெண்மணிகள் இதனை நினைவில் வைக்க வேண்டுகிறோம். ஐந்தாவது காசில், மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்திருந்தது. அது பெரும்பாலும் எடைக்கே போகும்.

பிறை ரூபாய் இலட்சம் தரும் பொருளன்று என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். எஞ்சியவை நிறையவே உள்ளன. உள்ளூர் நகைக்கடையில் எடைக்கு மட்டுமே விலை சொன்னார்கள். நாம் வாசகத்தைப் படித்து, மன்னர் பெயர், ஆண்டு, அடையாளம் ஆகியவற்றைத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்தோம். பேரன் சென்னைக்குக் கொண்டுபோய் மூவரிடம் விலை கேட்டான். மூன்று காசுகளை விற்றதில் தோடு மீண்டது. படிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியும் கூடியது. முழுவாசகம் உள்ள காசும் விற்றவற்றுள் ஒன்று. தேய்த்ததையும் வளையமிட்டதையும் மூதாட்டி வைத்துக்கொண்டார். வளையமிட்டது அவருடைய தாயார் கழுத்தில் கிடந்ததாம்.

இதற்குப் பின்னர்க் காசு சேர்க்கும் இளைஞர்களுக்கு எழுத்தோடு சட்டத்தையும் சிறிது சொல்லித் தருகிறோம். ஏர் உழும்போது மண்ணில் காசு கிடைத்தால் என் செய்வது? ஜாஹிலிய்யாக் காலத்தின் புதையலாயின் அது ‘ரிகாஸ்’; ஐந்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். முஸ்லிம் அரசரின் பெயரோ திருவசனமோ பொறித்ததாயின் அது ‘லுக்தா’, உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டிய கண்டெடுத்த பொருள். எழுத்தைப் படிக்காமல் சட்டத்தைச் சொல்ல இயலாது. நாட்டின் சட்டம் கேட்பதையும் அதனுடன் சேர்த்தே செய்ய வேண்டும்.

சென்ற ரமளானில் அவ்விளைஞருள் ஒருவர் தம் வெள்ளி ரூபாய்களுக்கு ஜகாத் உண்டா என்று கேட்டார். அவரிடம் 58 இருந்தன. ஒன்று ஏறத்தாழ 11.4 கிராம்; மொத்தம் 661 கிராம். 612 கிராம் நிஸாபைத் தாண்டிவிட்டது. நாற்பதில் ஒன்று என்றால் சுமார் ஒன்றரைக் காசு. காசைப் பிரிய அவருக்கு மனமில்லை. பணமாகத் தருகிறேன் என்றார். வெள்ளியின் ஜகாத்தை வேறு இனத்தால் கொடுப்பின் எடையை அன்று, மதிப்பையே கணக்கிட வேண்டும் என்று ஹனஃபி நூல்களிலிருந்து எடுத்துக் காட்டினோம். சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, நாம் படித்துச் சொன்ன காசுகளின் சந்தை விலைப் பட்டியலைத் தாமே விரித்து வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்கினார்.