அச்சு எவ்வளவு உயரம்?

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கொண்ட விருத்தாசலத்தில், கொலுப் பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் பீங்கானும் செய்து ஜீவனம் நடத்தும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயர், சதவீதத்துக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பீங்கான் மண் உலரும்போதும் சுருங்குகிறது, சூளையில் வேகும்போதும் சுருங்குகிறது. ஆகையால் அச்சு பொம்மையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நீளத்தில் நூற்றுக்குப் பத்து சுருங்கும் என்று வைத்துக்கொண்டு, வெந்த பொம்மை 18 சென்டிமீட்டர் நிற்க வேண்டுமானால் அச்சு எவ்வளவு உயரம் என்று எட்டாம் வகுப்பில் கேட்பேன். பெரும்பாலோர் 18-ல் பத்து சதவீதமான 1.8-ஐக் கூட்டி 19.8 என்பார்கள். சரியான விடை 20.

அந்த ஒரே 19.8-க்கு வெவ்வேறு பிள்ளைகள் வெவ்வேறு வழியாக வந்து சேருகிறார்கள் என்பதை அறிவதே என் தொழிலின் சூக்ஷ்மம் என்று கருதுகிறேன். வீட்டில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் பையன் ஒருவன், கை தேர்ந்தவன், எண்களைக் கண்டால் மட்டும் ஒடுங்கிவிடுவான். ஈர மண் பட்டையில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறி, சூளையிலிருந்து வந்ததும் அளந்து வரும்படி அவனிடம் சொன்னேன். கோடு குறுகியிருந்தது. "எதில் குறைஞ்சுதுப்பா?" என்று கேட்டேன். "ஈரத்துல இருந்த அளவுலதான் சார்" என்றான். சதவீதம் எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பது அவனுக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. அவசரக்காரியான ஒரு மாணவிக்கு மண் தேவைப்படவில்லை, அவளுடைய 19.8-ஐயே சூளைக்கு அனுப்பிப் பார் என்றேன், 17.82 என்று கண்டதும் தானே திருத்திக்கொண்டாள். முதலிலேயே 20 என்று சொன்னவனைச் சும்மா உட்கார வைப்பது அநியாயம். கன அளவில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டேன், 0.9-ஐ மும்முறை பெருக்கி 0.729 என்று கண்டு, கால் பங்குக்குமேல் போய்விடுகிறதே என்று ஆச்சரியப்பட்டான்.

தமிழ்நாட்டில் 2007 வாக்கில் பரவிய செயல்வழிக் கற்றலின் ஏணிப்படியும், 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளும் தொடக்க வகுப்புகளில் பிள்ளைக்குப் பிள்ளை வேகம் வேறு என்பதை ஒப்புக்கொண்டவை; அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பின்னத்தில் அரும்பாக இருப்பவள் வடிவியலில் மலராக இருக்கக்கூடும். மெதுவாக வருபவனுக்கு எளிய கணக்கைக் கொடுத்து ஒதுக்கிவிடுவதற்கு நான் ஒருபோதும் சம்மதியேன். வழி மாறலாம், கணக்கு மாறலாகாது.

அந்த அவசரக்காரிதான் பிறகு, மண்ணுக்கு மண் சுருக்கம் மாறுமானால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டுமா என்று கேட்டாள். மறுநாள் பாடத்திட்டத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, சுருக்கத்துக்கு ஓர் எழுத்தை வைத்து, இயற்கணிதத்தை அங்கிருந்தே தொடங்கினோம்.