கெட்ட பெயரில் ஒரு வியாபாரம்

பி.காம். படிப்பவர்களுக்கு 'குட்வில்' என்றால் தெரியும். கடை சம்பாதித்த நல்ல பெயருக்கும் ஒரு விலை உண்டு, கடையை விற்கும்போது அதையும் சேர்த்து விற்கலாம். கெட்ட பெயரை விற்றுப் பிழைத்தவர் உண்டா? எனக்குத் தெரிந்து ஒருவர் உண்டு. அமெரிக்க மல்யுத்த வீரர் கார்ஜியஸ் ஜார்ஜ்.

டபிள்யூ.டபிள்யூ.ஈ. பார்த்து வளர்ந்த நம்மில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் பாட்டு ஒலிக்க, பளபள அங்கி போட்டுக்கொண்டு, கூட்டத்தை வெறுப்பேற்றியபடியே ரிங்குக்குள் வருகிறார்களே, அதைப் பிரபலமாக்கியவர் இவர்தான்.

இயற்பெயர் ஜார்ஜ் வாக்னர். 1915-இல் நெப்ராஸ்காவில் பிறந்தார், ஹூஸ்டனில் வளர்ந்தார். ஏழைக் குடும்பம். உயரம் 5 அடி 9 அங்குலம்தான். மலை மாதிரி ஆட்கள் மோதும் தொழிலில் இவரை யார் கவனிப்பார்கள்? பல வருடம் ஊர் ஊராக அலைந்தார். 1939-இல் யூஜீன் நகரில் பெட்டி என்ற பெண்ணை ரிங்கிலேயே மணந்தார். அதற்கு வரவேற்பு இருந்ததால் அதே கல்யாணத்தை வேறு ஊர்களிலும் 'நடத்தினார்கள்'! :-)

பெட்டி தைத்த அங்கியை ரிங்கில் கழற்றி, கசங்காமல் மெதுவாக மடித்து வைப்பார் ஜார்ஜ். கூட்டம் கூச்சல் போட்டது. வேறொருவராக இருந்தால் அடுத்த முறை சீக்கிரம் மடித்திருப்பார். இவர் இன்னும் மெதுவாக மடித்தார். அங்கேதான் வியாபாரி தெரிகிறார்!

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சுருள் சுருளான பொன்னிற முடி. அதில் குத்திய தங்க நிற ஊசிகளைக் கூட்டத்துக்கு வீசுவார். பணியாள் ஒருவர் முன்னால் போய் ரிங் முழுக்க வாசனைத் திரவியம் தெளிப்பார். நடுவரின் கை மேலே பட்டால் அலறுவார். கடைசியில் அழுகுணி ஆட்டம்.

1940-களின் கடைசியில் தொலைக்காட்சி பரவியது. ஒரு ரிங், கொஞ்சம் விளக்கு, ஒன்றிரண்டு கேமரா போதும் என்பதால் மல்யுத்தம் சேனல்களுக்கு மலிவான சரக்கு. ஜார்ஜ் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார்.

1961-இல் லாஸ் வேகாஸில் 19 வயதுக் குத்துச்சண்டை வீரர் ஒருவர் இவரைச் சந்தித்தார். எதிராளியைக் கிழித்துவிடுவேன், தோற்றால் முடியை வெட்டிக்கொள்வேன் என்று ஜார்ஜ் கத்துவதைக் கேட்டார். போய்ப் பார்த்தால் அரங்கம் நிறைந்திருந்தது. இவர் தோற்பதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் காசு கொடுத்திருந்தார்கள். அந்தப் பையன் பாடத்தைப் பிடித்துக்கொண்டார். பின்னாளில் அவர் பெயர் முகமது அலி.

ஆனால் இந்தக் கணக்கில் பற்றுப் பக்கமும் இருக்கிறதே! 1950-களின் நடுவில் தொலைக்காட்சியில் மல்யுத்த மோகம் வடிந்தது. குடி அதிகமாயிற்று, இரண்டு திருமணங்களும் முறிந்தன. விற்க மிச்சமிருந்தது அந்த முடிதான். 1959-இல் டொரன்டோவில் விப்பர் பில்லி வாட்சனிடம் தோற்று மொட்டை. 1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முகமூடி வீரர் டெஸ்ட்ராயரிடம் தோற்று மறுபடியும் மொட்டை. வெற்றி தோல்வி முன்பே பேசி வைத்ததுதான். வெட்டின முடி மட்டும் நிஜம். 1963 டிசம்பர் 26 அன்று மாரடைப்பில் இறந்தபோது வயது 48. கையில் காசு இல்லை.

'எல்லாம் நாடகம்தானே' என்று மல்யுத்தத்தை எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடையின் குட்வில்லை விற்றுவிட்டு முதலாளி வீட்டுக்குப் போகலாம். ஜார்ஜிடம் இருந்த கடை அவருடைய உடம்புதான். அதை இழுத்து மூடிவிட்டு அவர் எங்கே போவார்?

இன்றைக்கு யூடியூபில் திட்டு வாங்கியே பார்வைகளைச் சேர்க்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மொட்டைத் தலை ஞாபகம் வருகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?