ஆறு மணி மாத்திரை

காலைத் திருப்பலியில் நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்த எங்கள் பழைய உபதேசியார் பீடத்துக்குப் பத்தடி தொலைவில் அப்படியே நின்றுவிட்டார். கால் எழவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தனர். "வாங்க, உபதேசியாரே" என்றேன். என் குரலில் கனிவு இல்லை. இறுதியில் நானே இறங்கிச் சென்று கொடுத்தேன். அவர் முகத்தில் எவ்வித உணர்ச்சியும் தெரியவில்லை. விருப்பமின்றி வாங்குகிறாரோ என்றுகூட எண்ணினேன்.

அன்று மாலை வெண்ணாற்றங்கரையில் இருக்கும் அவர் வீட்டுக்குச் சென்றேன். மருமகள்தான் பேசினாள்: "பார்க்கின்சன் நோய், சாமி. தஞ்சாவூர்ல வைத்தியம் பாக்குறோம். ஆறு மணி மாத்திரைய மட்டும் பூசை முடிஞ்சுதான் போடுவேன்கிறாங்க."

காரணம் கேட்டேன். குரல் மிகத் தணிந்திருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "நன்மை வாங்குறதுக்கு முன்னாடி தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிக் கொடுத்தாங்க, சாமி."

நான் வெட்கினேன். நள்ளிரவு முதல் நீரும் அருந்தாதிருக்கும் வழக்கத்தைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1953-இலேயே தளர்த்தி, தண்ணீர் நோன்பை முறிக்காது என்றார். 1964-இல் ஆறாம் பவுல் நோன்பை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 919-ஆம் விதியில் தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு அளிக்கிறது. முதியோரும் நோயுற்றோரும் அந்த ஒரு மணிக்குள் உணவே உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். குருமடத்தில் இதைப் படித்துத் தேறியவன் நான். மறையுரை மேடையில் ஒருமுறையேனும் சொன்னதில்லை.

இந்நோயில், அசைவை ஒழுங்குபடுத்தும் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் நலிகின்றன. கை நடுங்கும், உடல் விறைக்கும், கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். முகத்தசை இறுகுவதால் உள்ளத்தின் மகிழ்ச்சியும் பக்தியும் வெளியே தெரியா. நான் விருப்பமின்மை என்று கண்டது நோயின் அடையாளமே.

லெவோடோப்பா மாத்திரை மூளையில் டோப்பமினாக மாறுகிறது. ஆனால் சில மணி நேரமே நிற்கும். உபதேசியாரின் மகன் விவசாயி, அவர் சொன்னது எனக்கு எளிதில் விளங்கிற்று: "முறைத்தண்ணி மாதிரி, சாமி. நம்ம முறையைத் தவற விட்டா வயல் காயும்." பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் குடலில் இம்மருந்தோடு போட்டியிடும். ஆகவே பலருக்கு உணவுக்கு அரைமணி முன்னதாக, வெறும் தண்ணீரோடு விழுங்குமாறு மருத்துவர்கள் சொல்கின்றனர். உபதேசியாரோ பூசை முடிந்து பால் காப்பியோடு விழுங்கிவந்தார்! மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துவது இன்னும் ஆபத்து. உடல் கடுமையாக விறைத்துக் காய்ச்சல் காணலாம்.

அன்று அவர் அருகே அமர்ந்து, "உபதேசியாரே, மாத்திரை போட்டுவிட்டே வாருங்கள். திருச்சபை தடுக்கவில்லை" என்றேன். நெடுநேரம் என்னையே பார்த்தார். "நிசந்தானா, சாமி?" என்றார். எத்தனை காலை வேளைகளை அவர் கட்டிப்போட்ட கால்களோடு கடந்திருப்பார்!

இப்போது மருத்துவரின் ஒப்புதலோடு ஐந்து மணிக்கே மாத்திரை. ஆலயத்தின் நடுப்பாதையில் ஓரடிக்கு ஒன்றாக வெள்ளை நாடா ஒட்டியிருக்கிறோம். கோட்டைத் தாண்டும் எண்ணம் உறைந்த காலை எழுப்ப உதவுகிறது. நோய் தீரவில்லை, தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. சில நாள் மாத்திரை வேலை செய்யத் தாமதமாகும். அப்போது வரிசை காத்திருக்கிறது, எவரும் முணுமுணுப்பதில்லை.

புனித இரண்டாம் யோவான் பவுல் இதே நோயோடு, 2005 ஏப்ரலில் இறக்கும்வரை, நடுங்கும் கையால் உலகை ஆசீர்வதித்தார். அவரைத் தொலைக்காட்சியில் கண்டு கண்கலங்கிய நான், என் ஆலயத்தில் பத்தடி தொலைவில் நின்றவரை அடையாளம் காணவில்லை. நோயாளிக்கு மருந்து நேரம் தவறாதிருக்க உதவுவதும் அன்புப் பணியே. அதை எனக்கு உணர்த்தியவர், ஒருகாலத்தில் இவ்வூர்ச் சிறுவர்களுக்கு மந்திரம் கற்பித்த அதே உபதேசியார்.