“நோ சாபோ” பிள்ளைகளும் நம்ம பிள்ளைகளும்

“தமிழ்ப் பொண்ணு, ஸ்பானிஷ் டீச்சரா?” கோயிலிலோ பர்த்டே பார்ட்டியிலோ புதிதாகச் சந்திக்கிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அடுத்த கேள்வி, “அதுவும் ஆன்லைன்லயா? பசங்க கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட மாட்டாங்களா?”

சில பேர் தூங்கத்தான் செய்றாங்க. அதையும் மீறி மொழி உள்ளே போகிறதா என்பதுதான் என் வேலை. டெக்சஸில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் 1, ஸ்பானிஷ் 2 சொல்லித்தருகிறேன். வாரத்துக்கு இரண்டு நேரடி வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். 36 வாரத்துக்குக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 54 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தர 600 மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குகிறது. தமிழுக்கு ஒதுக்குவது சுமார் 1100 மணி நேரம். அவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள், அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள்.

கையில் 54 மணி நேரம்தான் என்றால் ஒரு நிமிடத்தையும் வீணாக்க முடியாது. டீச்சர் பயிற்சியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த கற்றல் கோட்பாடுகள் எனக்கு உண்மையில் உதவ ஆரம்பித்தது ஆன்லைனுக்கு வந்த பிறகுதான்.

முதலில் ஸ்டீபன் கிராஷன். 1980-களில் அவர் சொன்னது எளிமையான விஷயம். இலக்கண விதியைப் படித்து யாரும் மொழி பேசக் கற்பதில்லை. புரிகிற மாதிரி நிறையக் கேட்டும் படித்தும்தான் மொழி வருகிறது. பிள்ளைக்குத் தெரிந்ததைவிட ஒரே ஒரு படி மேலே இருக்க வேண்டும், பத்துப் படி மேலே இருந்தால் அது வெறும் சத்தம். அதனால் நான் வினைச்சொல் அட்டவணையோடு ஆரம்பிப்பதில்லை. திரையில் ஒரு நாயின் படத்தைப் போட்டு, “இது நாயா, பூனையா? பெருசா, சின்னதா? தூங்குதா, ஓடுதா?” என்று ஸ்பானிஷில் கேட்டுக்கொண்டே போவேன். பிள்ளைகள் சாட்டில் ஒரு சொல்லில் பதில் போடுவார்கள். பத்து நிமிடத்தில் அதே சொல்லை முப்பது தடவை கேட்டிருப்பார்கள். வகுப்பின் ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்தி மறுபடி பார்க்கலாம். சாதாரண வகுப்பறையில் டீச்சரை யார் பாஸ் பண்ண முடியும்?

அடுத்து டேவிட் ஆசுபெல். கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் கற்றலில் மிக முக்கியமான விஷயம் என்று 1968-இல் எழுதினார். தமிழ்ப் பெற்றோர் இதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். ஸ்பானிஷ் 1-இல் ஆங்கிலப் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழும் இடம் ‘மே குஸ்தா’. ‘எனக்குப் பிடிக்கும்’ என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாய், பிடித்த பொருள் செயப்படுபொருள். ஸ்பானிஷில் அது தலைகீழ். ‘மே குஸ்தா எல் கஃபே’ என்றால் எனக்குக் காபி பிடிக்கும். தமிழிலும் அப்படித்தானே சொல்கிறோம்? ‘மே துவேலே லா கபேசா’ என்றால் எனக்குத் தலை வலிக்குது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இன்னும் இருக்கிறது. ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்க. ‘ஆப்லோ’ என்றாலே பேசுறேன், ‘ஆப்லாஸ்’ என்றாலே பேசுறே. நான், நீ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வினைச்சொல்லின் வால் சொல்லிவிடும். ஸ்பானிஷின் ‘ஞ’ சத்தம் நம் பிள்ளைகளுக்கு நாக்கில் தயாராக இருக்கிறது. என் வகுப்புக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் இதை எடுத்துக் காட்டும்போது, “அட, இது நம்ம தமிழ் மாதிரியே இருக்கே மிஸ்” என்பார்கள். ‘வீட்டில் தமிழ் பேசினால் ஸ்கூலில் இன்னொரு மொழி குழம்பிவிடும்’ என்று பயப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

லெவ் விகாட்ஸ்கியின் கருத்தும் தினமும் கை கொடுக்கிறது. பிள்ளை தனியாகச் செய்ய முடியாததை, தெரிந்தவர் துணையோடு செய்ய முடியும், அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார் அவர். 1976-இல் உட், புரூனர், ராஸ் மூவரும் அந்தத் துணைக்குச் சாரம் என்று பெயர் வைத்தார்கள். வீடு கட்டும்போது கட்டுகிற அதே சாரம்தான். வாக்கியத்தின் முதல் பாதியை நான் தருவேன், மீதியை அவர்கள் முடிப்பார்கள். அடுத்த வாரம் முதல் சொல் மட்டும். அதற்கடுத்த வாரம் படம் மட்டும். சாரத்தைப் பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் சுவர் காய்ந்த பிறகு.

மறதி பற்றி எபிங்ஹவுஸ் 1885-லேயே எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் படிப்பதைவிட, அதே நேரத்தைப் பல நாளுக்குப் பிரித்துப் படித்தால் நினைவில் அதிக நாள் நிற்கும். அதனால் வீட்டுப்பாடம் தினம் பத்தே நிமிடம்.

இதெல்லாம் ஓரளவு எளிது. கஷ்டமான பகுதி, பேச வைப்பது.

கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வேன், 1985-இல் ஒன்றைச் சொன்னார். வருஷக்கணக்கில் பிரெஞ்சு கேட்ட பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது, ஆனால் பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு வரவில்லை. கேட்டால் மட்டும் போதாது. சொல்ல வேண்டிய தேவை வந்து, தடுமாறி, வேறு மாதிரி சொல்லிப் பார்க்கும்போதுதான் பேச்சு வளர்கிறது. ‘எல்லாம் புரியும், ஆனா பதில் இங்கிலீஷ்லதான் வரும்’ என்று நாம் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது இதைத்தான்.

என் வகுப்பில் இதற்கு அசல் உதாரணம் மெக்சிகோ வேர் கொண்ட பிள்ளைகள். பாட்டி பேசும் ஸ்பானிஷ் முழுக்கப் புரியும், வகுப்பில் வாயைத் திறக்கமாட்டார்கள். அமெரிக்காவில் இவர்களைக் கிண்டல் செய்ய ஒரு பெயரே இருக்கிறது, ‘நோ சாபோ கிட்ஸ்’. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘நோ சே’ என்று சொல்ல வேண்டும். இவர்கள் ‘நோ சாபோ’ என்று சொல்லிவிடுவார்களாம். மொழியியல் தெரிந்தவருக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ‘கோமேர்’ என்பது ‘கோமோ’ ஆகும் என்றால், ‘சாபேர்’ என்பது ‘சாபோ’ ஆகத்தானே வேண்டும்? பிள்ளை விதியைச் சரியாகப் பிடித்திருக்கிறது, மொழிதான் அந்த இடத்தில் விதியை மீறுகிறது.

அப்படி ஒரு பையன் என்னிடம் படித்தான். ஒன்பதாம் வகுப்பு. கேமரா எப்பவும் ஆஃப், மைக் மியூட். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். ஒருநாள் எனக்கு மட்டும் சாட்டில் எழுதினான். “நான் பேசினா கசின்ஸ் சிரிப்பாங்க மிஸ். அதனால பாட்டிகிட்டகூட இங்கிலீஷ்லதான் பேசுறேன். அவங்களுக்கு இங்கிலீஷ் வராது.”

அப்படியென்றால் அந்தப் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் பேச்சே இல்லை என்று அர்த்தம். பயமும் வெட்கமும் இருந்தால் மொழி உள்ளே போகாமல் ஒரு திரை விழுந்துவிடும் என்று கிராஷன் சொன்னது எனக்கு அன்று வெறும் பாடப் புத்தக வரியாக இல்லை.

ஆன்லைனில் ஒரு நல்லது, யாரும் கேட்காமல் பேச இடம் கொடுக்கலாம். வாரம் ஒரு நிமிடம், எனக்கு மட்டும் குரல் பதிவு. மார்க் கிடையாது. அவன் சொன்ன விஷயத்துக்குத்தான் நான் பதில் சொல்வேன். இரண்டு மாதம் கழித்து, அவனுக்குப் பிடித்த ஒரு நண்பனோடு தனி அறையில் பேச வைத்தேன். தவறு வந்தால் உடனே சரியானதைச் சொல்லித் தருவதில்லை. 1997-இல் லிஸ்டரும் ராந்தாவும் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது எனக்கு நினைவிருந்தது. டீச்சர் சரியான வடிவத்தைத் திருத்திச் சொன்னால், பிள்ளைகள் பெரும்பாலும் அதற்கு எந்தப் பதிலும் காட்டுவதில்லை. ‘இன்னொரு தடவை சொல்லு’ என்று தூண்டினால், பல நேரம் தானே திருத்திக்கொள்கிறார்கள்.

ஏப்ரலில் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். ஸ்பானிஷ் பேசும் ஒருவரிடம் அவருடைய சின்ன வயதைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டு, அவர் சம்மதத்தோடு பதிவு செய்ய வேண்டும். மூன்று நிமிடம் போதும் என்றேன். அவன் அனுப்பியது 11 நிமிடம். பாட்டி கிணறு, கோழி, ஸ்கூலுக்கு நடந்த தூரம் என்று சொல்லிக்கொண்டே போகிறார். நடுவில் அவன் ‘நோ சாபோ’ என்கிறான். பாட்டி சிரிக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அவன் ஸ்பானிஷ் இன்னமும் தடுமாறத்தான் செய்கிறது. ஆனால் இப்போது வாரா வாரம் பாட்டிக்கு அவனே போன் பண்ணுகிறான்.

நம் வீடுகளிலும் ‘நோ சாபோ’ உண்டு. “தாத்தா வந்தான்” என்று பிள்ளை சொன்னால் மொத்த வீடும் சிரிக்கும். எட்டு வயது என் மகள் திருச்சியில் இருக்கும் என் அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். “அவ பேசும்போது சிரிக்காதேம்மா” என்று அம்மாவிடம் சொன்னேன். “நான் ஆசையாத்தானேடி சிரிக்கறேன்” என்றார். உண்மைதான். ஆனால் ஆசைச் சிரிப்பு எது, கிண்டல் சிரிப்பு எது என்று எட்டு வயதுக்குத் தெரியாது. அம்மா இப்போது சிரிப்பதில்லை. “வந்தாரா? அப்புறம் என்ன பண்ணார்?” என்று சரியான வடிவத்தைச் சும்மா தன் கேள்விக்குள் போட்டு, கதையை நகர்த்துகிறார். சில வாரம் கழித்து மகளே ‘வந்தார்’ என்று ஆரம்பித்தாள். எப்பவும் இல்லை, பாதி நேரம்.

உங்க வீட்டிலும் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் கவனித்தது: டீச்சர்கள் கேள்வி கேட்டதும் சுமார் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று வினாடி காத்திருந்தாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது. இரண்டாவது மொழியில் சொல் தேடும் பிள்ளைக்கு அதைவிட அதிகம் தேவை. நான் கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். இன்று சாப்பாட்டு மேசையில் தமிழில் ஒரு கேள்வி கேளுங்க, “சாப்டியா?” மாதிரி தலையாட்டிவிட்டுப் போகிற கேள்வியாக இல்லாமல், “இன்னைக்கு ஸ்கூல்ல யாரோட விளையாடினே?” மாதிரி. கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுக்காமல் பத்து வரை எண்ணுங்க. அரைகுறையாக ஏதாவது வரும். அதற்குப் பதில் சொல்லுங்க.