அங்கோர் போகும் தாத்தா பாட்டிக்கு ஒரு மருந்துப் பை

அறுபதைத் தாண்டிய வாசகர்களே! கம்போடியா தேசத்து அங்கோர் வாட் ஆலயத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று உங்களுக்கு ஆசை உண்டல்லவா? பிள்ளையோ பெண்ணோ டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். பெட்டியில் முறுக்கு, ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் ஏறிவிட்டன. மருந்து? "அது ஒரு டப்பாவிலே இருக்கிறது" என்கிறீர்கள். அந்த டப்பாவைச் சற்றுத் திறந்து பார்ப்போம், வாருங்கள்.

முதலில் போகிற இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் மகாவிஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில் அது. அகழி மட்டுமே ஏறத்தாழ 190 மீட்டர் அகலம்! அதைத் தாண்டினால் மறுபடியும் நீண்ட கல் பாதை. நிழல் சொற்பம். உச்சி மண்டபத்துப் படிகளோ ஏணி போலச் செங்குத்து. "மதுரை வெயிலில் வளர்ந்த எங்களுக்கு இது ஒரு வெயிலா?" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் மதுரையில் நண்பகலில் நீங்கள் மின்விசிறிக்கு அடியில் அல்லவா படுத்திருப்பீர்கள்? நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே வெயில் சற்று இரக்கம் காட்டும். அப்போதே போங்கள்.

இனி பைக்கு வருவோம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றுக்கான அன்றாட மாத்திரைகளைப் பிரயாண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுங்கள். அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மாத்திரையும் அல்லவா கூடவே போய்விடும்? இன்சுலினைப் பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் சரக்கு அறையில் அது உறைந்தால் பயனற்றுப் போகும்.

அடுத்தது உப்புச் சர்க்கரைப் பொடி, அதாவது ஓ.ஆர்.எஸ். 1971-இல் வங்காள அகதி முகாமில் காலரா தலைவிரித்தாடியபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கச் செய்தே எத்தனையோ உயிர்களை மீட்டார். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சுத்தமான ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இருதயம், சிறுநீரகம் பழுதுள்ளவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்று வைத்தியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே.

கொசுவை மறவாதீர்கள். டெங்குக் கொசு பகலிலேயே கடிக்கும். ஆகவே, பூசும் கொசு மருந்தும் முழுக்கைச் சட்டையும் அவசியம். காய்ச்சல் கண்டால் பாராஸிட்டமால் மட்டும் போதும். வலிக்கென்று ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ புதிதாக விழுங்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு அதிகமாகலாம். இருதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் உடனே வைத்தியரைப் பாருங்கள். காட்டுப் பக்கம் போவதானால் மலேரியா மாத்திரை பற்றியும் ஊரிலேயே விசாரியுங்கள். போன தடவை மிஞ்சியதை நம்ப வேண்டாம். கம்போடியாவில் சில மருந்துகளுக்கு மலேரியாக் கிருமி மசிவதில்லை.

கோயிலைச் சுற்றிக் குரங்குகளும் உண்டு. நம் ஆஞ்சநேயர் என்று வாழைப்பழம் நீட்டிவிடாதீர்கள்! பிறாண்டினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

பையில் கடைசியாக ஒரு காகிதம். மருந்துகளின் மூலப் பெயர், அளவு, உங்கள் வியாதிகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஊரில் யாருக்குத் தகவல் சொல்வது என்பதெல்லாம் இங்கிலீஷில் எழுதியிருக்கட்டும். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று கூட வருகிறவரிடம். நீங்கள் பேச முடியாத நேரத்தில் அந்தக் காகிதந்தான் உங்களுக்காகப் பேசும்.

இவ்வளவும் இருந்தும் ஒரு விஷயத்தில் நம் பெரியவர்கள் ஏமாற்றிவிடுகிறார்கள். "வழியில் எங்கே ஒதுங்குவது?" என்ற கூச்சத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. தலை சுற்றினாலும், "பிள்ளைகளுக்கு எதற்குத் தொந்தரவு?" என்று வாயைத் திறப்பதில்லை. வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. கேட்க வேண்டுமா? வெயில் ஆளைச் சாய்த்துவிடுகிறது. அம்மா, பெரியவரே! "சற்று உட்காருகிறேன்" என்று சொல்வதில் வெட்கம் என்ன இருக்கிறது? சொன்னால் பத்து நிமிஷத் தாமதம்; சொல்லாவிட்டால் பிரயாணமே ஆஸ்பத்திரியில் முடியும்.

அங்கோர் வாட்டின் கிழக்குப் பிராகாரத்தில், தேவரும் அசுரரும் பாற்கடல் கடையும் சிற்பம் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அமுதத்துக்காக அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள். உங்களுக்கோ அமுதம் கைப்பையிலேயே, ஒரு பொட்டலத்தில் இருக்கிறது. கரைத்து இரண்டு வாய் குடித்துவிட்டு, நிழலில் நின்று நிதானமாகப் பாருங்கள்!