மூன்றாகப் பிரிந்த புத்தகம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு ஜூன் மாதம் இரண்டு புத்தகங்கள் தருகிறார்கள். ஒன்றில் தமிழும் ஆங்கிலமும். மற்றொன்றில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இரண்டாம் பருவத்துக்கு வேறு இரண்டு. அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு மூன்றாம் பருவத்துக்கு இன்னும் இரண்டு. என் தங்கை மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் இதே ஏற்பாடுதான். அவளுடைய புத்தகங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது ஒரு வருடத்துப் படிப்பு என் கண்முன்னே இருந்தது. உடல் உறுப்புகள், திண்மம் திரவம் வாயு, தள்ளுதல் இழுத்தல், குடும்பம், ஐவகை நிலங்கள், பணம், கடிகாரம், வடிவங்கள், நடுவில் ஒரு கதை, ஒரு பாட்டு.

எட்டு வயதுப் பிள்ளை ஒரு வருடத்துக்குள் இவ்வளவு கற்றுவிட வேண்டும் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? புத்தகத்தை ஏன் மூன்றாகப் பிரித்தார்கள்? எங்கள் காலத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம், அதுவும் வருடம் முழுவதற்கும் ஒன்றுதான். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாதி விலைக்குக் கொடுப்போம். அது எப்படி இப்படி ஆனது என்று தேடத் தொடங்கினேன்.

முதல் விடை எளிதாகக் கிடைத்தது. தமிழ்நாட்டில் முப்பருவ முறை 2012-13 கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வந்தது. அதற்கு முன் 2010-11இல் ஒன்றுக்கும் ஆறுக்கும் தொடங்கி, அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் சமச்சீர்க் கல்வி வந்திருந்தது. முப்பருவத்தோடு சேர்த்துத் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையும் வந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. முதல் பருவப் பாடத்தை இரண்டாம் பருவத் தேர்வில் கேட்க மாட்டார்கள். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று ஏற்கெனவே இருந்த மூன்று தேர்வுகளின் எல்லையிலேயே புத்தகத்தையும் வெட்டியிருக்கிறார்கள். அரசு அப்போது சொன்ன முதல் காரணம் புத்தகப் பையின் எடை.

அந்த எடையைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால், வழி ஒரு நாவலாசிரியரிடம் கொண்டுபோய் விடுகிறது. புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர், மால்குடியைப் படைத்தவர், ஆர்.கே. நாராயண். 1986இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், 1989இல் தம் முதல் உரையில் பேச எடுத்துக்கொண்டது பள்ளிப் பிள்ளைகளின் முதுகை வளைக்கும் பையைப் பற்றி. அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது. எதைப் பற்றியும் பேசக்கூடிய ஓர் அவையில் அவர் பிள்ளைகளின் தோளைப் பற்றிப் பேசினார்.

அந்த உரை எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக 1992இல் இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1993இல் வந்த அதன் அறிக்கைக்குச் ‘சுமையில்லாக் கற்றல்’ என்று பெயர். சிறிய அறிக்கைதான். ஆனால் இந்தத் தேடலில் நான் படித்தவற்றில் அதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. எடையைப் பற்றி ஆராயப் போன குழு, பையைவிடப் பெரிய சுமை ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தது. புரியாமலே படிக்கும் சுமை அது. பாடம் நகர்ந்துகொண்டே இருக்கும், பிள்ளை அங்கேயே நிற்கும். பையை இறக்கி வைத்தாலும் அந்தச் சுமை இறங்காது.

இதைப் படித்த பிறகு என் கேள்வி மாறிவிட்டது. புத்தகத்தை மூன்றாக வெட்டியதில் முதல் சுமை குறைந்தது, அதில் சந்தேகமில்லை. என் தங்கை மகளின் பையை நான் ஒரு கையால் தூக்குகிறேன். இரண்டாவது சுமையை இறக்க யாராவது முயன்றார்களா?

முயன்றிருக்கிறார்கள். அதுவும் முப்பருவம் வருவதற்கு முன்பே.

எங்கள் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை இறக்கித் துடைத்து என் முன்னால் வைத்தார். உள்ளே உள்ளங்கை அகல அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னமும் ஓர் எண்ணும். செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைகள். வகுப்புச் சுவரில் கற்றல் ஏணி ஒன்று தொங்கும். அதில் அதே சின்னங்கள் கீழிருந்து மேலாக ஏறிப் போகும். பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய், தனக்குரிய குழுவில் உட்கார வேண்டும். ஆறு குழுக்கள்: ஆசிரியரின் முழு உதவி, ஆசிரியரின் பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, சக மாணவரின் பகுதி உதவி, தானே கற்றல், மதிப்பீடு. பிள்ளைகள் எழுதுவதற்குச் சுவரின் அடிப்பகுதியில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை. எழுதியதையும் வரைந்ததையும் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல்.

“ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையும் நாலாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில உட்கார்ந்திருக்கும் தம்பி. அம்மாவோட கரும்பு வெட்டப் போயிட்டு ஒரு மாசம் கழிச்சு வருவான் ஒருத்தன். வந்ததும் எந்த அட்டையில விட்டானோ அதையேதான் எடுப்பான். நீ பின்தங்கிட்டேன்னு அவனை யாரும் சொல்ல முடியாது” என்றார்.

குறைகளையும் அவர் மறைக்கவில்லை. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வராது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்றால் ஆறு குழுவும் ஒன்றாகிவிடும். கையில் புத்தகம் இல்லாமல் வரும் பிள்ளையைப் பார்த்து, பள்ளியில் என்னதான் நடக்கிறது என்று பெற்றோர் சந்தேகப்படுவார்கள். மேலதிகாரி பார்வைக்கு வருகிறார் என்றால் மட்டும் பாயை விரித்த பள்ளிகளும் இருந்தன என்றார்.

இந்த அட்டைகள் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு 2003இல் வந்தன. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் கொண்டுவந்தார். சில பள்ளிகளில் தொடங்கியது, 2007-08க்குள் மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்விட்டது. அவருக்கு இது கிடைத்த இடம் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி. அந்தப் பள்ளியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திய பத்மநாப ராவும் ரமாவும் அட்டைகளையும் ஏணியையும் உருவாக்கியிருந்தார்கள். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை பிள்ளைகள். ஆடு மேய்க்கப் போய்விட்டுத் திரும்பி வரும் பிள்ளைகளும் அதில் உண்டு. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே பாடம் என்பது அங்கே நடக்காத காரியம். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் நடையில் பாடம்.

ஓர் ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள் என்றதும் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வராமல் இருக்குமா? உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் தெரியும். மணலில் விரலால் எழுதிப் பிறகு ஓலைக்குப் போவது, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது, உபாத்தியாயர் இல்லாதபோது சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வது. அங்கே காலாண்டும் இல்லை, மூன்றாம் வகுப்பும் இல்லை. ஒரு சுவடி முடிந்தால் அடுத்த சுவடி.

அந்தச் சுவடிகளில் என்ன இருந்தது என்று பார்த்தேன். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. என்னைப் பிடித்துக்கொண்டது கணக்கு. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. பிள்ளைகள் அரையோடும் காலோடும் நிற்கவில்லை. நாலு காணி சேர்ந்தால் ஒரு மா. இரண்டு அரைக்காணி ஒரு காணி, இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. மா என்பது இருபதில் ஒரு பங்கு, முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இன்று கால்குலேட்டரை எடுக்கும் கணக்கை அவர்கள் கூட்டமாகச் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றினார்கள். வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு இந்தச் சுவடிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி கொடுக்கவும் ஊருக்குத் தேவைப்பட்ட கணக்கே அங்கே பாடமாக இருந்தது. நெல்லிலக்கம் படித்த பிள்ளை களத்துமேட்டுக்குப் போனால் படித்தது கண்முன் நிற்கும்.

ஆனாலும் திண்ணைப் பள்ளியை நான் பொற்காலமாக்க மாட்டேன். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்று பதிவாகியிருக்கிறது. தரம்பால் இந்த ஆவணங்களை 1983இல் நூலாக்கிய பிறகு இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்பவர்கள் நிறைய. அதே ஆவணங்களில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. சேரிப் பிள்ளைக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்லாத பிள்ளைக்குப் பிரம்படி. அவரவர் நடையில் கற்கும் வசதி, உள்ளே விடப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

திண்ணைப் பள்ளியின் கற்பிக்கும் முறை கடல் தாண்டிப் போன கதையும் உண்டு. எழும்பூரில் 1789 முதல் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சென்னைக்கருகே ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர் முன்வரவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார், அவன் செய்து காட்டினான். பெல் ஊர் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறை ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

என் தங்கை மகளின் பருவப் புத்தகத்துக்குப் பின்னால் இரண்டு வழிகள் இருப்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஒன்று நாட்காட்டியின் வழி. இந்த மாதத்துக்குள் இந்தப் பாடம், பிறகு தேர்வு, பிறகு அடுத்த புத்தகம். இன்னொன்று பிள்ளையின் வழி. இந்தப் படி ஏறினால்தான் அடுத்த படி. முப்பருவம் முதல் வழியைச் சேர்ந்தது, அட்டையும் மணலும் இரண்டாவது வழியைச் சேர்ந்தவை.

இரண்டும் சந்திக்க வேண்டிய கட்டாயம் கொரோனாவால் வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, எழுத்துக் கூட்டப் பழகுமுன்பே மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது நோக்கம். ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் அரும்பு நிலையில் இருந்தால் அங்கிருந்துதான் பாடம். பயிற்சி நூலோ பருவத்துக்கு ஒன்று.

எண்ணும் எழுத்தும் வகுப்பு ஒன்றில் ஒரு நாள் காலையில் உட்கார்ந்திருந்தேன். மொட்டுக் குழுவில் ஒரு பையன் ‘மரத்தில்’ என்ற சொல்லை விரல் வைத்து ம, ர, த், தி, ல் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். சேர்த்துச் சொல்ல வரவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்த காக்கையைக் காட்டி, “காக்கா எங்கடா இருக்கு?” என்று கேட்டாள். “மரத்தில!” என்றான். உடனே புத்தகத்தைக் குனிந்து பார்த்து, ‘ல்’லில் விரல் வைத்து அழுத்தி, “மரத்தில்” என்று படித்தான். ஆசிரியர் அப்போது அறையின் இன்னொரு மூலையில் அரும்புக் குழுவோடு இருந்தார். அந்தப் பையனுக்கு அந்தப் பருவத்தில் கிடைத்த பாடம் அது. பருவத் தேர்வின் எந்தக் கேள்விக்கும் அது விடையாக வராது.

முப்பருவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையின் எடை குறைந்தது நல்லது, அது குறைந்தே இருக்கட்டும். ஆனால் பருவம் முடிந்துவிட்டது என்பதற்காகப் புரியாத பாடத்தையும் மூடி வைத்துவிட்டு அடுத்த புத்தகத்தைக் கொடுப்பது, 1993இலேயே சுட்டிக்காட்டப்பட்ட சுமையை அப்படியே வைத்திருப்பதாகும்.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் கட்டடத்தையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பு நிலையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், அடுத்த பருவத்தில் அவர்களோடு உட்கார யாருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?