எங்கள் தெருவில் இரண்டு அந்தோணி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணியில் கட்டுக்கடங்காத வெள்ளம். அந்த ஆறு கடலில் சேருகிற இடம்தான் எங்கள் ஊர், புன்னக்காயல்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் நான் ஊருக்குப் போக முடிந்தது. வெளியூரிலிருந்து அரிசியும் போர்வையும் வந்துகொண்டிருந்தன. மூன்று குழுவாகப் பிரிந்து தெருத்தெருவாகப் பெயர் எழுதியிருந்தார்கள். மூன்று பட்டியலும் என் வாட்ஸ்அப்புக்கு வந்தன. "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கியே, ரெண்டு தடவை வந்த பேரை எடுத்துட்டுக் குடு!"

நான் படித்தது இதழியல் டிப்ளமோ. பைத்தான், யூடியூப் புண்ணியம். ஒவ்வொரு ஆளையும் ஓர் 'ஆப்ஜெக்ட்' ஆக்கி, எல்லாரையும் 'செட்'டுக்குள் போட்டேன். செட்டில் இரட்டை தங்காது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஒரு பெயர்கூடக் குறையவில்லை!

காரணம் இதுதான். விவரம் எல்லாம் ஒன்றாக இருந்தாலும், தனித்தனியாக உருவாக்கிய இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆட்கள். எதெது பொருந்தினால் ஒரே ஆள் என்று நாம்தான் எழுதித்தர வேண்டும். அதற்கு 'ஈக்யூ' என்று ஒரு மெத்தட். கூடவே 'ஹாஷ்' என்று இன்னொன்று. தபால்காரர் பின்கோடு பார்த்துக் கடிதங்களைப் பிரிப்பதுபோல, ஹாஷ் ஒன்றாக இருந்தால்தான் செட் இரண்டையும் ஒப்பிட்டே பார்க்கும். ஈக்யூவை மட்டும் எழுதினால் பைத்தான் எரர் காட்டிவிடும். ஜாவாவில் அதே தப்பைச் செய்தால் எரரே வராது, இரட்டைகள் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும்.

பெயர், இனிஷியல், தெரு மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள் என்று எழுதினேன். போன் நம்பரைச் சேர்க்கவில்லை. போன் நனைந்து போனதால் பலர் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தார்கள். பட்டியல் சட்டென்று சுருங்கியது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் சித்தப்பா வாசலில் நின்றார். "ஏலே, என் பேரு எங்கல?"

எங்கள் குடும்பத்தில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். சித்தப்பாவும் அந்தோணி, அவருடைய பெரியப்பா மகனும் அந்தோணி. ஒருவருடைய அப்பா சவரிமுத்து, மற்றவருடைய அப்பா சூசை. ஆங்கிலத்தில் எழுதினால் இருவருக்கும் 'எஸ்'. ஒரே தெரு. குடும்பப் பெயரை வைத்துப் பிரிக்கலாம் என்றால், 1530-களில் இந்தக் கடற்கரை ஞானஸ்நானம் பெற்ற காலத்துப் போர்த்துகீசியப் பெயர்களில் பெர்னாண்டோதான் இருவருக்கும்! ஊரில் இவர்களை யாரும் குழப்பிக்கொண்டதே இல்லை. ஒருவர் நெட்டை அந்தோணி, இன்னொருவர் கட்டை அந்தோணி. பட்டப்பெயருக்குப் பட்டியலில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு பட்டியலில் 'சேவியர்', மற்றதில் 'சவேரியார்' என்று எழுதப்பட்ட ஒரே மனிதருக்கு இரண்டு மூட்டை அரிசி. சித்தப்பாவுக்கு ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரி கோடை மாற்றினேன். எதையும் நீக்காதே, சந்தேகமான ஜோடிகளை மட்டும் தனியாகக் காட்டு. அந்த ஜோடிகளை ஆச்சியிடம் ஒவ்வொன்றாக வாசித்தேன். வெற்றிலையை மென்றபடியே சொன்னாள்: "இது ரெண்டு ஆளு... இது ஒரே ஆளுதான்... இவன் கல்யாணம் கட்டி தூத்துக்குடி போயிட்டாம்லா, அவனை எதுக்கு எழுதினிய?"

கடைசி வண்டி வந்தபோது சித்தப்பா வீட்டுக்கு மூட்டையை நானே தூக்கிக்கொண்டு போனேன். அவர் வாங்கி உள்ளே வைத்தார். என்னிடம் பேசவில்லை. சித்திதான் டீ போட்டுக் கொடுத்தாள்.